கொலுவுக்கு வந்த மாஷிமா

தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களுக்கு நவராத்திரி என்றால் ஒரு பண்டிகை அல்ல, இரண்டு. தில்லியில் வளர்ந்தவர்களுக்குக் கொலுவோடு ராம்லீலா. குஜராத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொலுவோடு கர்பா. கல்கத்தாவில் வளர்ந்த எனக்குக் கொலுவோடு துர்கா பூஜை. 2001-ல் அந்த ஊரின் பெயர் கொல்கத்தா என்று மாறியது. 2021-ல் அதன் துர்கா பூஜையை யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று முழுதும் எனக்கு எங்கள் கீழ்வீட்டு மாஷிமாவின் ஞாபகமாகவே இருந்தது.

வங்காளியில் 'மாஷி' என்றால் அம்மாவின் சகோதரி, நம் சித்தி, பெரியம்மா. வயதில் மூத்த பெண்மணிகளை 'மாஷிமா' என்று அழைப்பது அங்கே மரியாதை. எங்கள் மாஷிமாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அந்தத் தெருவில் யாரும் அதைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை.

ஐந்து நாள் முன்னதாக வந்த அம்மன்

தென் கல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் பக்கம் அந்தக் காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வாழையிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி, கட்டின பூ எல்லாம் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவைப் பெற்ற ஆச்சியும் எங்களோடுதான் இருந்தாள். மூன்று மாடிக் கட்டிடத்தில் நாங்கள் முதல் மாடி, மாஷிமாவின் குடும்பம் கீழ்த்தளம்.

மகாளய அமாவாசையன்று விடிகாலை நான்கு மணிக்கே தெரு விழித்துக்கொள்ளும். கல்கத்தா வானொலியில் 'மகிஷாசுரமர்த்தினி' ஒலிபரப்பாகும் நேரம் அது. பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் கம்பீரமான சண்டி பாராயணம் ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் கேட்கும். அர்த்தம் புரியாவிட்டாலும் ஆச்சி எழுந்து உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டு கேட்பாள். அன்றைக்கே அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து வைக்கோலை விலக்கிப் பொம்மைகளை எடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

நம் கணக்கில் அம்மன் பிரதமையன்றே வந்துவிடுகிறாள். வங்காளிகளுக்கோ சஷ்டியன்றுதான் பந்தலில் தேவியின் முகத்தைத் திறப்பார்கள். ஆகவே தெருவில் பூஜை தொடங்குமுன் ஐந்து நாள் எங்கள் வீட்டுக் கொலுவுக்குத்தான் கூட்டம். "உங்கள் தேவி எக்ஸ்பிரஸ் ரயிலில் வருகிறாள், எங்கள் தேவி பாசஞ்சரில் வருகிறாள்" என்று மாஷிமாவின் பிள்ளை வருஷந்தோறும் தவறாமல் சொல்வார். நாங்களும் தவறாமல் சிரிப்போம்.

அம்மாவின் சுண்டலுக்கு அக்கம்பக்கத்தில் 'மதராசி குக்னி' என்று பெயர். குக்னி என்பது காய்ந்த பட்டாணியில் அவர்கள் செய்வது. தேங்காய் போட்ட கடலைப்பருப்புக் கூட்டு அவர்கள் சமையலிலும் உண்டு. அதனால் எங்கள் தேங்காய்த் துருவலைக் கண்டு அவர்களுக்குப் பயமில்லை.

கொலுவின் கீழ்ப்படியில் செட்டியாரும் செட்டிச்சியும் அரிசி, பருப்பு பரப்பிக் கடை வைத்திருப்பார்கள். ஒரு வருஷம் மாஷிமா கிருஷ்ணநகரத்து மண்பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து மீன் நறுக்குகிற பெண். எங்களுடையதோ சைவ வீடு! அம்மா திகைத்துப்போய் ஆச்சியைப் பார்த்தாள். ஆச்சி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்கான். செட்டியாருக்குத் தள்ளி வையி, வாடை அடிக்கும்" என்றாள்.

கல்யாணம் ஆகாத முருகன்

சஷ்டி முதல் நாங்கள் பந்தலே கதியென்று கிடப்போம். அங்கே துர்கை தனியாக நிற்பதில்லை. நான்கு பிள்ளைகளோடு கைலாசத்திலிருந்து பிறந்த வீட்டுக்கு வருகிறாள். லட்சுமி, சரஸ்வதி, கணேசர், கார்த்திகேயர். சப்தமி காலையில் ஒரு வாழைக்கன்றைக் குளிப்பாட்டி, சிவப்புக்கரைச் சேலை சுற்றிக் கணேசர் பக்கத்தில் நிறுத்துவார்கள். சாஸ்திரப்படி ஒன்பது செடிகளைச் சேர்த்துக் கட்டிய அதுவும் தேவியின் வடிவம்தான். ஆனால் ஜனங்கள் அதைக் 'கலா பௌ', அதாவது வாழைப் பெண்டாட்டி என்று சொல்லிக் கணேசருக்கே மனைவியாக்கிவிட்டார்கள். நம் கார்த்திகேயரோ அங்கே கட்டை பிரம்மச்சாரி.

ஆச்சிக்கு இது ஆறவே இல்லை. "ஆத்தங்கரைப் பிள்ளையாருக்குப் பெண்டாட்டியாம், ரெண்டு கல்யாணம் பண்ணின முருகனுக்கு ஒண்ணும் இல்லையாம்! இது என்ன ஊருளா?" என்பாள்.

எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நமக்கு சரஸ்வதி பூஜை நவமியில். அன்று புத்தகத்தைத் தொடக் கூடாது. வங்காளிகளுக்கு சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமியில். அன்றும் புத்தகத்தை அம்மன் காலடியில் வைத்துவிடுவார்கள். வருஷத்தில் இரண்டு நாள் படிக்காமலிருக்க தெய்வமே உத்தரவு கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

வெள்ளைச் சேலைகள் இரண்டு

மாஷிமா சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். கரையில்லாத வெள்ளைச் சேலைதான் உடுத்துவார். மீன் இல்லாமல் சாப்பாடே இல்லை என்கிற அந்த வீட்டில் அவருக்கு மட்டும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. ஏகாதசியன்று பட்டினி.

எங்கள் ஆச்சிக்கும் வெள்ளைச் சேலைதான். வெளியே எங்கும் கை நனைக்காதவள், மாஷிமாவின் அடுப்பில் வெந்தது என்றால் மட்டும் வாங்கிச் சாப்பிடுவாள். ஆச்சிக்கு வங்காளி தெரியாது, மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மத்தியான வேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

கொலு நாட்களில் மாஷிமா சாயங்காலம் வருவார். கூடத்துக்குள் வரமாட்டார், நிலைப்படி ஓரமாக நின்றே பார்ப்பார். பாட்டு முடிந்து, அம்மா மஞ்சள் குங்குமத் தட்டை எடுக்கும் நேரம் பார்த்து, சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடுவார். அதே நேரத்தில் எங்கள் ஆச்சியும் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். இருவரையும் யாரும் போகச் சொன்னதில்லை, இருக்கச் சொன்னதும் இல்லை.

பந்தலிலும் இதே கதைதான். தசமியன்று சுமங்கலிகள் வெற்றிலையால் தேவியின் முகத்தைத் துடைத்து, வாயில் இனிப்பு ஊட்டி, ஒருவர் முகத்தில் ஒருவர் சிந்தூரம் பூசி, மகளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்புவார்கள். மாஷிமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். விதவை மறுமணச் சட்டம் 1856-ல் வருவதற்காகப் போராடிய வித்யாசாகர் பிறந்த மண் அது. சட்டம் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அது போய்ச் சேரவில்லை.

1976-ம் வருஷம். மகாளயத்தன்று வானொலியில் பத்ரரின் குரலுக்குப் பதிலாகத் திரை நட்சத்திரம் உத்தம் குமாரை வைத்துப் புது நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். ஊரே கொந்தளித்தது. பிறகு வானொலிக்காரர்கள் பழைய நிகழ்ச்சிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. வழக்கத்தை மாற்றியதற்காகக் கல்கத்தாவே கோபித்துக்கொண்ட அந்த வருஷத்தில்தான், எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் மாறியது.

அன்று வெள்ளிக்கிழமை, கூடம் நிறைய பெண்கள். அம்மா தட்டை எடுத்தாள். மாஷிமா படியிறங்கத் திரும்பினார். அடுக்களைக்குப் போன ஆச்சி வாசற்படியிலேயே நின்று, "ஏளா, அவளுக்கும் ஒரு தாம்பாளம் எடுத்து வை" என்றாள்.

அம்மா தயங்கினாள். "இல்ல அத்தை, வழக்கம் இல்லையே..."

"வழக்கம் கெடக்கட்டும். அம்மன் வீட்டுக்கு வந்தவள வெறுங்கையோட அனுப்பச் சொல்லி எவன் எழுதி வச்சான்? அவ வந்து நிக்கத அம்மன் பாத்துக்கிட்டுல்லா இருக்கா!"

கூடத்தில் பேச்சு நின்றது. ஒரு மாமி எழுந்து போய்விட்டார், அடுத்த வருஷம் அவர் வரவும் இல்லை. அம்மா வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், சுண்டல் எல்லாம் வைத்துக் கொண்டுபோய் மாஷிமாவின் கையில் கொடுத்தாள். மாஷிமா குங்குமத்தைத் தொடவில்லை. மஞ்சளை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுதபடியே இறங்கிப் போனார்.

தசமியன்று ராத்திரி, சிலை கரைத்த பிறகு வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் காலைத் தொட்டு இனிப்பு வாங்குவது அங்கே வழக்கம். அன்று மாஷிமாவே படியேறி வந்தார். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய், வெல்லம் போட்டுப் பிடித்த தேங்காய் உருண்டை. நேராக ஆச்சியிடம் போய் நீட்டினார். தாத்தா போன பிறகு ஆச்சிக்கு யாரும் தாம்பூலம் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. மாஷிமாவுக்கு நியாயம் பேசிய ஆச்சியின் கையும் வெறுங்கைதான் என்பது அம்மாவுக்கோ எங்களுக்கோ தோன்றவில்லை. கீழ்வீட்டு மனுஷிக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் முதல் அம்மா முதல் தாம்பூலத்தை ஆச்சிக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தாள். மாஷிமா கூடத்துக்குள் வந்து பாயில் உட்கார்ந்தார்.

நாம் செய்யக்கூடியது

ஆச்சியும் போய்விட்டாள், மாஷிமாவும் போய்விட்டார். மீன் நறுக்குகிற பொம்மை இன்றும் என் வீட்டுக் கொலுவில் செட்டியார் கடைக்குத் தள்ளியே உட்கார்ந்திருக்கிறது. கொல்கத்தாவில் இப்போது சில பூஜைகளில் கணவரை இழந்த பெண்களையும் சிந்தூர விளையாட்டுக்கு அழைக்கிறார்கள். கேள்விப்பட்டபோது மனசு நிறைந்தது.

பிறமொழிக்காரர்கள் நடுவே வாழும் நாம், நம் வழக்கங்களை விட்டுவிடக் கூடாது என்று கவலைப்படுகிறோம். நியாயமான கவலைதான். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று வீட்டில் யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில், வழக்கத்தால் அதிகம் இழந்திருந்த ஆச்சியே அதைச் சொன்னாள்.

இந்த நவராத்திரிக்கு நம் சங்கத்திலும் வீடுகளிலும் அழைப்பு எழுதும்போது, 'சுமங்கலிகள் வருக' என்ற வரிக்குப் பதிலாக 'பெண்கள் அனைவரும் வருக' என்று எழுதலாமே. எதிர்வீட்டில் வேறு பாஷை பேசுகிறவர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். வீட்டில் ஒரு ஆச்சியோ பாட்டியோ தட்டு எடுக்கும் நேரத்தில் அடுக்களைப் பக்கம் நகர்ந்தால், முதல் தாம்பூலத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.