நுணா எப்படிச் சிரிக்கும்?

வாணிதாசனின் கவிதை நூல்களில் ஒன்றுக்குப் பெயர் 'சிரித்த நுணா'. சேலியமேட்டுப் பக்கம் எட்டாவது படிக்கும் பெண்ணிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். "நுணான்னா யாரு சார்?" என்றாள். சிரித்தது என்றால் ஆளாகத்தானே இருக்க வேண்டும்?

திண்ணையில் உட்கார்ந்திருந்த அவள் தாத்தாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "யாரும் இல்லம்மா, மரம். அதுல நுகத்தடி செய்வோம். காயைப் பறிச்சு ஈர்க்குச்சி குத்தித் தேர் கட்டி இழுப்போம். கரம்புல வெள்ளை வெள்ளையா பூத்து நின்னா பல்லைக் காட்டுற மாதிரியே இருக்கும்." அந்தத் தலைப்புக்கு இதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை. அவர் அதை உரை என்று நினைத்தே சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

வாணிதாசன் 1915-இல் புதுவையை அடுத்த வில்லியனூரில் பிறந்தவர். பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்தவர், பள்ளி ஆசிரியர், பாரதிதாசன் பரம்பரைக் கவிஞர், 1974-இல் மறைந்தார். 'தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்' என்று அவரைப் பாராட்டுவார்கள். பாகூர் ஏரி இருக்க, இங்கிலாந்து ஏரிக்கரைக்காரரைத் துணைக்கு அழைப்பானேன் என்று எனக்குத் தோன்றும். அவர் காலத்துக் கவிதை பெரும்பாலும் காதுக்கு வந்தது. கவியரங்க மேடையில் கவிஞர் ஓர் அடியைச் சொல்லி நிறுத்துவார், கூட்டம் கைதட்டி 'மறுபடியும்' என்று கேட்கும், அவரும் திருப்பிச் சொல்வார். கேட்பவனின் மாட்டுக்கொட்டகையிலேயே நுணா நுகத்தடி சாத்தியிருந்தது. 'புரியவில்லை' என்று சொல்ல அவனுக்கு இடமே இல்லை.

'புரியவில்லை' என்ற சொல் வேறு பக்கமிருந்து வந்தது. 1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அதில் ந. பிச்சமூர்த்தி புதுக்கவிதை எழுதினார்; திருகோணமலையிலிருந்து பிரமிள் என்ற இளைஞர் எழுதினார். 'படிமம்' என்ற சொல் விமர்சனத்தில் நிலைபெற்றது. உவமையில் 'போல' என்ற கைப்பிடி இருக்கும். படிமத்தில் அது இல்லை. பிடி இல்லாத படியில் ஏறச் சொன்னதும் வாசகர்கள் தடுமாறினார்கள். புதுக்கவிதை என்றாலே புரியாத கவிதை என்ற முணுமுணுப்பு இன்றுவரை ஓயவில்லை.

புதுவைக்காரன் இதில் அதிகம் மிரண்டிருக்கக் கூடாது. 1908 முதல் 1918 வரை இங்கே இருந்த பாரதி, காற்றையும் ஞாயிற்றையும் யாப்பில்லாத வசன கவிதையில் பேசவைத்துவிட்டார். குயில் பாட்டை முடிக்கும்போது, இதற்கு வேதாந்தப் பொருள் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள் என்று புலவர்களிடமே பந்தைப் போட்டுவிட்டு நகர்கிறார். அதற்கும் முன்னால் தொல்காப்பியம் உள்ளுறை என்று ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறது. மருதப் பாட்டில் எருமை பொய்கையில் இறங்கிப் பூவை மேய்ந்தால், அது எருமையைப் பற்றிய பாட்டு மட்டும் அல்ல. பரத்தை வீட்டுக்குப் போன தலைவன் அங்கே தெரிவான். ஆனால் எருமையையும் பொய்கையையும் அறிந்தவனுக்குத்தான் தெரிவான். உள்ளுறைக்கு நிலம் வேண்டும் என்பது இலக்கணமே போட்ட நிபந்தனை.

புதுவைக் கவிஞர் மாலதி மைத்ரியின் தொகுப்பு ஒன்று 2001-இல் வந்தது. தலைப்பு 'சங்கராபரணி'. மதுரைக்காரருக்கு அது ராகத்தின் பெயர்போல ஒலிக்கலாம். வில்லியனூர்க்காரருக்கு அது செஞ்சிப் பக்கமிருந்து வந்து திருக்காஞ்சியைத் தொட்டுக் கடலுக்குப் போகும் ஆறு. அட்டையைப் பார்த்ததுமே அவருக்கு ஈரம் படும். மற்றவர் உள்ளே போய்த்தான் நனைய வேண்டும்.

எளிய கவிதை, இருண்மைக் கவிதை என்று நாம் பிரித்த கோடு இங்கேதான் எனக்குக் கலைகிறது. வயல் மனையாகி, ஏர்மாடு போய் டிராக்டர் வந்த பிறகு, எளிமைக்குப் பெயர்போன வாணிதாசன், திண்ணைத் தாத்தாவின் பேத்திக்கு அரூபக் கவிஞர் ஆகிவிட்டார். தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புப் பாடநூலில் அவருடைய ஓடைப் பாட்டு இருக்கிறது. பிள்ளைகள் கருத்தை எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள், ஓடையைத்தான் பார்த்ததில்லை.

அந்தப் பேத்தி தன் பங்குக்குப் போனை நீட்டினாள். கூடப் படிப்பவள் எழுதி அனுப்பிய நாலு வரி. அதில் ஒரு நிலா, சார்ஜ் தீர்ந்து கிடந்தது. தாத்தா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நிலாவுக்கு ஏதும்மா சார்ஜு?"

"ராத்திரி போன் ஆஃப் ஆயிடுச்சின்னா எப்படி இருக்கும் தாத்தா? யார்கிட்டயும் பேச முடியாதுல்ல, அது."

தாத்தா யோசித்தார். "அமாவாசைன்னு சொல்லு" என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அமாவாசை வேறாம், இது வேறாம். அவள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. 'இதுக்கு அர்த்தம் அது' என்று மாற்றி வைத்த நிமிடமே போனில் ஏதோ அணைந்துவிட்டது.

மூவரும் ஏரிக்கரைப் பக்கம் நடந்தோம். மனை பிரித்து நட்ட கற்களுக்கு நடுவே ஒரு நுணா நின்றது. பூ இல்லை. கண் கண்ணாகக் காய்கள் மட்டும். தாத்தா நாலைந்து பறித்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவினார். தேருக்கு இரண்டு சக்கரம் போதுமா, நாலு வேண்டுமா என்று பேத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.