கேட்டில் பிரிட்டிஷ் பெயர்... ராத்திரி பிள்ளையோடு யார்? வெளிநாட்டு போர்டிங் பள்ளி தேடும் பெற்றோர் கவனத்துக்கு!

கோலாலம்பூரைச் சேர்ந்த டோனி ஃபெர்னாண்டஸ், சிறு வயதிலேயே இங்கிலாந்தின் எப்சம் காலேஜுக்கு அனுப்பப்பட்டவர். பெயர்தான் காலேஜ், உண்மையில் அது தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். பருவத்தின் நடுவே வரும் சின்ன விடுமுறைக்கு ஊருக்கு வர ஆசைப்பட்டபோது, விமான டிக்கெட் விலை கட்டுப்படியாகாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். இதை அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்தான் 2001-ல் கடனில் தத்தளித்த ஏர் ஏஷியாவை வாங்கி, மலிவு விலை விமான நிறுவனமாக மாற்றியவர். எப்சம் காலேஜின் மலேசியக் கிளை 2014-ல் திறக்கப்பட்டதற்கும் அவர் முக்கியக் காரணம். கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பண்டார் என்ஸ்டெக்கில் இருக்கிறது அந்தப் பள்ளி.

இதற்கும் தாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். தாம்பரத்திலிருந்து ஊட்டிக்குப் போய்ச் சேர இதைவிட அதிக நேரம் ஆகும். 'பிரிட்டிஷ் பள்ளி' என்றாலே லண்டன் போக வேண்டும் என்ற காலம் போய்விட்டது. நேரு படித்த ஹாரோ பள்ளியின் பெயரில் 1998-லேயே பாங்காக்கில் பள்ளி வந்துவிட்டது. மார்ல்பரோ காலேஜ் 2012-ல் மலேசியாவின் ஜொகூருக்கு வந்தது. ஹாரோ 2023-ல் பெங்களூருக்கே வந்துவிட்டது.

இங்கிலாந்துக்கே அனுப்பும் செலவும் ஏறிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவிகித வாட் வரி. முழுநேர போர்டிங் பல பள்ளிகளில் ஆண்டுக்கு 40,000 பவுண்டைத் தாண்டுகிறது, அதாவது நம் பணத்தில் 40 லட்சத்துக்கு மேல். அதனால் நம் பகுதியில் வசதியுள்ள குடும்பங்களின் பார்வை மலேசியா, தாய்லாந்து பக்கம் திரும்புவதில் ஆச்சர்யமில்லை.

ஆனால், கேட்டில் தொங்கும் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் சிக்கல். ஆசியாவில் உள்ள பல கிளைகளில் பெயரும் பாடமுறையும்தான் இங்கிலாந்துப் பள்ளியுடையவை. கட்டடம், பணம், நிர்வாகம் உள்ளூர் நிறுவனத்துடையது. அது தப்பில்லை. ஆனால், தாய்ப்பள்ளி எதற்கெல்லாம் பொறுப்பேற்கிறது, தலைமை ஆசிரியரை யார் நியமிக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். வெளிநாடுகளில் உள்ள பிரிட்டிஷ் பள்ளிகளை ஆய்வு செய்ய 'பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ்' என்ற திட்டத்தை இங்கிலாந்து கல்வித்துறை வைத்திருக்கிறது. அந்த ஆய்வறிக்கைகள் இணையத்தில் பொதுவில் கிடைக்கும். விடுதி பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். பளபள கையேட்டைவிட அது பத்து மடங்கு பிரயோஜனம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எத்தனை பேர்?

பிரிட்டிஷ் போர்டிங்கின் உயிர்நாடி 'ஹவுஸ்'. பிள்ளைகளை வீடு வீடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கூடவே குடியிருக்கும் ஒரு ஆசிரியர், ஒரு மேட்ரன் என்று வைத்திருப்பார்கள். தாம்பரத்துக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமில்லை. 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே இடம்பெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் செயின்ட் தாமஸ், செலையூர், பிஷப் ஹீபர் ஹால்களுக்கும் இதே மரபுதான் வேர். ஆனால், அங்கே வருபவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. இங்கே நாம் பேசுவது பதினொரு வயதுக் குழந்தையைப் பற்றி.

எனவே பள்ளியைச் சுற்றிக் காட்டுபவரிடம் நீச்சல்குளத்தின் நீளத்தைக் கேட்பதைவிட, "சனி, ஞாயிறு எத்தனை பேர் விடுதியில் தங்குவார்கள்?" என்று கேளுங்கள். 'வீக்லி போர்டிங்' என்று ஒன்று உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். முந்நூறு பேர் இருந்த இடத்தில் முப்பது பேர் மிஞ்சினால், அந்த இரண்டு நாள்தான் உங்கள் பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வாட்டும். பருவ நடுவில் வரும் விடுமுறையில் விடுதியையே பூட்டிவிடும் பள்ளிகளும் உண்டு. இங்கிலாந்தில் அதற்காகவே 'கார்டியன்' என்று உள்ளூர் பொறுப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்வார்கள். அதற்கான செலவும் பெற்றோர் தலையில்தான்.

இன்னொன்று, போன். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 9.30-க்கு விளக்கணைக்கும்போது இங்கே மணி ஏழுதான். அப்பா பெருங்களத்தூர் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருப்பார். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் போனை இரவில் வாங்கி வைத்துவிடும் பள்ளிகள் நிறைய. எந்த நேரத்தில் பேசலாம், ஏதாவது மனக்குறை என்றால் விடுதி ஊழியர் அல்லாத யாரிடம் பிள்ளை சொல்ல முடியும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

விடுமுறை கணக்கும் வேறு. கல்வியாண்டு ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில்தான் தொடங்கும். ஜூலையில் அக்கா ஊருக்கு வரும்போது தம்பிக்கு இங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். பொங்கலுக்கு அக்கா அங்கே வகுப்பில் இருப்பாள்.

திரும்பி வரும் வழி

பெரும்பாலானோர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். பிள்ளை இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோதான் கல்லூரி படிக்கப்போகிறது என்றால் பிரச்னை இல்லை. ஒருவேளை இந்தியாவுக்குத் திரும்பினால்?

ஐ.ஜி.சி.எஸ்.இ. நம் பத்தாம் வகுப்புக்கும், ஏ-லெவல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இணை. இணைத்தன்மைச் சான்றிதழ் வாங்க வேண்டும். சிக்கல் இருப்பது பாடத் தேர்வில். ஏ-லெவலில் வழக்கமாக மூன்றே பாடங்கள். பதினாறு வயதில் வேதியியலை விட்டுப் பொருளாதாரம் எடுத்துக்கொண்டால், 'பிறகு டாக்டருக்குப் படிக்கிறேன்' என்று எளிதில் சொல்ல முடியாது. எம்.பி.பி.எஸ்-க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல். சந்தோஷமாகப் படிக்கும் பிள்ளை, யாரும் எச்சரிக்காததால் ஒரு படிவத்தில் போட்ட டிக் மார்க்கால் கதவை மூடிக்கொள்வது கொடுமை.

தமிழ்நாட்டு மருத்துவ இடங்களுக்கு, 6 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் தேவைப்படுவதில்லை. வெளியே படித்துவிட்டு மாநில ஒதுக்கீட்டில் கேட்டால், அந்தச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் வேண்டும். ரேஷன் கார்டு, பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பணம் அனுப்புவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். பிடிக்கும். குறிப்பிட்ட நிதி நிறுவனங்களில் வாங்கிய கல்விக்கடன் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால், ஃபீஸ் கட்டும் மாதத்தில் கையில் அந்தப் பணம் இருந்தாக வேண்டும். சீருடை, தேர்வுக் கட்டணம், சுற்றுலா, டிக்கெட் எல்லாம் ஃபீஸுக்கு வெளியே. முதல் வருடத்துக்கு மட்டும் புரட்டிவிட்டு இரண்டாம் வருடத்தில் திணறினால், நடு வகுப்பில் திரும்பிவரும் பிள்ளையை இங்கே சி.பி.எஸ்.இ-யிலோ ஸ்டேட் போர்டிலோ சேர்ப்பது பெரும்பாடு.

அட்வான்ஸ் கட்டுவதற்கு முன், பிள்ளை ஒன்றிரண்டு இரவு விடுதியில் தங்கிப் பார்க்க முடியுமா என்று பள்ளியிடம் கேளுங்கள். பல பள்ளிகள் அனுமதிக்கின்றன, சில இடங்களில் கோடை முகாமே நடத்துகிறார்கள். போய் வந்ததும், "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "சூப்பர்" என்று ஒரு வார்த்தைதான் வரும். "ராத்திரி யார்கூட பேசிட்டிருந்தே, என்ன சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.