சுங்கம் தவிர்ந்தது, சோறு வந்ததா?



அரிசி விலை ஏறும்போதெல்லாம் அங்காடியிலே இரண்டு குரல்கள் கேட்கும். "எல்லையை மூடு, வரியைப் போடு" என்று ஒரு குரல். "தடையை நீக்கு, தாராளமாக வியாபாரம் நடக்கட்டும், விலை தானே இறங்கும்" என்று மற்றொரு குரல். இரண்டும் ஏழையின் பெயரைச் சொல்லித்தான் பேசும். ஏழையோ, பகலெல்லாம் தறிக்குழியில் கால்வைத்து உழைத்து, மாலையிலே கையில் விழுந்த கூலியை எண்ணிப் பார்த்து, "இதற்கு எத்தனை படி அரிசி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பான். பண்டிதர் எழுதிக் குவித்த பொருளாதார ஏடுகளை எல்லாம் உரைத்துப் பார்க்கும் உரைகல் அந்தக் கேள்வி! அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரலாற்றுக்குள்ளே செல்வோம்.

காஞ்சிக்குப் பக்கத்திலே இருக்கிறது கூரம். பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் தந்த செப்பேடு அந்த ஊருக்குரியது. பாலாற்றிலிருந்து ஏரிக்கு நீர் கொண்டுவந்த பெரும்பிடுகுக் கால்வாய் அதிலே பேசப்படுகிறது. செக்கும் தறியும் தரகும்கூடப் பேசப்படுகின்றன. எதற்காக? அவற்றால் வரும் பயன் யார் யாருக்குப் பங்கு என்று எழுதிவைப்பதற்காக! கோயிற் பணி செய்வோருக்கு இவ்வளவு, பாரதம் படிப்பவருக்கு இவ்வளவு, நான்கு வேதம் கற்றவருக்கு இவ்வளவு! தறி ஒருவன் காலடியில். தறியின் வருவாய் இன்னொருவன் பங்கில். வரி என்ற சொல்லைக் கேட்டதும், "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது, "யாருக்கு?" என்றும் கேட்க வேண்டும் என்பதைக் கூரத்துச் செப்பேடே கற்றுத் தருகிறது.

பிறகு வந்தான் முதலாம் குலோத்துங்கன். 1070-இல் அரியணை ஏறிய அவனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். வண்டிக்கும் பொதிக்கும் வழியிலே வாங்கிய சுங்கம் நீங்கினால் வணிகனுக்கு மகிழ்ச்சி, வாழ்த்தினார்கள். ஆனால் அதே குலோத்துங்கன்தான் 1086-இல் நிலங்களை அளக்கச் செய்தான். அளப்பது எதற்கு? நிலவரிக்கு! சாலையில் இறக்கிய சுமைக்கு ஈடு வயலிலே கிடைக்கும் அல்லவா? சரக்கை விட்டவன் சாகுபடியைப் பிடித்தான்.

இனிக் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வாருங்கள். தானியச் சுங்கத்துக்காக ஒரு நாடே இரண்டாகப் பிளந்த கதை அங்கேதான் நடந்தது. நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்தது. வெளிநாட்டுக் கோதுமை வந்தால் விலை சரியும், குத்தகை குறையும் என்று நிலப்பிரபுக்கள் அஞ்சினர். பார்லிமெண்டு அவர்கள் கையில். 1815-இல் சட்டம் செய்தனர்: உள்நாட்டுக் கோதுமை, குவார்ட்டர் என்ற அளவுக்கு 80 ஷில்லிங் விலையைத் தொடும்வரை, வெளிநாட்டுக் கோதுமையை விற்கலாகாது! ரொட்டிக்கு வழியில்லாத மக்கள் லண்டன் வீதியிலே கொதித்து எழுந்தனர். பார்லிமெண்டைச் சிப்பாய்கள் காத்து நிற்க, உள்ளே சட்டம் நிறைவேறிற்று.

அந்தச் சட்டத்தை ஒழிக்க 1839-இல் மான்செஸ்டரில் சங்கம் எழுந்தது. காப்டன், பிரைட் என்ற இருவர் ஊர் ஊராகப் பேசினர். "ஏழைக்கு மலிவான ரொட்டி" என்பது முழக்கம். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தலைகாட்டிற்று. 1846-இல் பிரதமர் பீல், தம் கட்சியே பிளந்தாலும் சரி என்று சட்டத்தை நீக்கினார், பதவியும் இழந்தார்.

நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மில் முதலாளிக்கு ஏழையின் ரொட்டியிலே ஏன் அத்தனை அக்கறை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையா? சாசன இயக்கத்துத் தொழிலாளர் அன்றே ஐயப்பட்டனர்: "ரொட்டி மலிந்தால் கூலியையும் குறைப்பார்கள்." அடுத்த ஆண்டே அந்த ஐயத்துக்குச் சான்று கிடைத்தது. ஆலையிலே பெண்களுக்கும் இளைஞருக்கும் வேலை நேரத்தை 10 மணியாகக் குறைக்கும் 1847-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது எதிர்த்துப் பேசியவர் யார்? மலிவு ரொட்டிக்கு முழங்கிய அதே பிரைட்!

அந்தக் காலத்திலேயே சென்னை ராஜதானியிலும் சுங்கம் தவிர்க்கும் படலம் நடந்தது. சரக்கு ஊர்விட்டு ஊர் போகும்போது வாங்கிய 'சாயர்' வரியைக் கம்பெனி சர்க்கார் 1844-இல் எடுத்தது. வணிகர் வாழ்த்தினர். ஆனால் அந்த வருமானத்துக்கு ஈடு எங்கே தேடினார்கள்? உப்பிலே! அதே ஆண்டில் சர்க்கார் உப்பின் விலையை உயர்த்தினார்கள். வியாபாரியின் வண்டியிலிருந்து இறங்கிய பாரம், கூழுக்கு உப்பிடும் ஏழையின் சட்டியிலே ஏறிற்று!

தாராள வியாபாரம் என்ற தத்துவம் தன் முழு முகத்தையும் காட்டியது தாது வருஷத்துப் பஞ்சத்தில். 1876-இல் மழை பொய்த்தது. செங்கற்பட்டு ஜில்லாவும் தப்பவில்லை. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் சர்க்கார், சந்தையை நம்பினால் ஆபத்து என்று கருதி, 30,000 டன் அரிசியை வாங்கிற்று. "வியாபாரத்தில் தலையிடாதே!" என்று சீறினார்கள் வைசிராய் லிட்டனின் சர்க்கார். ரிச்சர்டு டெம்பிள் என்ற துரையை அனுப்பினர். இதே டெம்பிள், 1874-இல் பீகாரில் பர்மா அரிசியை வரவழைத்து மக்களைக் காத்தவர். அதற்காகவே, ஊதாரி என்று ஏச்சும் வாங்கியவர். பட்ட ஏச்சைத் துடைத்துக்கொள்ள, நிவாரண வேலை செய்வோருக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். சுகாதார அதிகாரி கார்னிஷ், அது உயிர் தாங்கப் போதாது என்று வாதாடினார். 1877 மே மாதத்தில்தான் கூலி உயர்ந்தது.

தானியமே இல்லையா? இருந்தது! கடற்கரையிலே மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது, ரயிலிலே போயிற்று, இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. தடை இல்லாத தானியம் பசி இருக்கும் இடத்துக்குப் போவதில்லை, தோழர்களே. பணம் இருக்கும் இடத்துக்குப் போகிறது! 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்தப் பஞ்சத்தில் மாண்டனர் என்பது மதிப்பீடு.

அப்படியானால் சுவர் எழுப்புவதே வழியா? அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். 2023 ஜூலையில் மத்திய சர்க்கார் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. 2024 செப்டம்பரில் தடையை நீக்கியது. வாங்கி உண்பவனுக்கு நிம்மதி என்றார்கள். விளைவித்து விற்பவனோ, நல்ல விலை கைநழுவிற்றே என்றான். கூரத்து வயலில் நெல் விற்பவனும், காஞ்சித் தறியில் அரிசி வாங்குபவனும் உழைப்பாளிகளே. ஒருவன் வயிற்றில் அடித்துத்தான் மற்றவன் வயிற்றை நிரப்ப வேண்டுமா? இன்னொரு புறத்தில், 2022 ஜூலையில், 25 கிலோ வரை கட்டி முத்திரையிட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள். சாவடி போயிற்று, சுங்கம் பைக்குள்ளேயே புகுந்துகொண்டது!

இரண்டு உழைப்பாளிகளையும் காக்கும் வழியைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 1967-இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தரப்பட்டது. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. உழவனிடம் நியாய விலைக்கு நெல் வாங்கி, உண்பவனுக்குக் குறைந்த விலையில் தருவது. இடையில் விழும் பள்ளத்தைப் பொதுப்பணத்தால் நிரப்புவது. 1997-இல், "ஏழைகளுக்கு மட்டும் மலிவு" என்று மத்திய சர்க்கார் கோடு கிழித்தபோதும், ரேஷன் எல்லோருக்கும் என்று தமிழ்நாடு நின்றது. 2011-இல் அரிசி விலையில்லாமலே கிடைக்கத் தொடங்கியது.

சுங்கம் ஒரு கதவு. பிரபுவின் கையில் சாவி இருந்தபோது அதைப் பூட்டிப் பட்டினி போட்டான். முதலாளியின் கைக்கு வந்தபோது அகலத் திறந்து பட்டினி போட்டான். எனவே, கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று வழக்காடுவோரிடம், "சாவி யார் கையில்?" என்று கேளுங்கள். கொள்முதல் நிலையத்திலே எடை சரியாக விழுகிறதா, ரேஷன் கடையிலே படி நிரம்புகிறதா என்று பாருங்கள். சாவி மக்கள் கையில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்!