'சீஹார்ஸ்' போர்க்கப்பலின் பணி வரலாறு (1748–1784): ஒரு விளக்கம்

முன்னுரை

பிரித்தானியக் கடற்படையில் 'சீஹார்ஸ்' (கடற்குதிரை) என்னும் பெயர் தாங்கிய கப்பல்கள் பல. அவற்றுள் 1748 இல் இங்கிலாந்தின் ஹார்விச் நகரில் கட்டி முடிக்கப்பட்ட சிறு போர்க்கப்பலையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். நெல்சன் இளமையில் பணியாற்றிய கப்பல் என்னும் ஒரு வரியோடு இதன் வரலாறு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவ்வரி உண்மையே, ஆயினும் போதாது. இக்கப்பலின் பணிகளை நிரல்படுத்திப் பார்க்கும்பொழுது, கீழைக்கடல்களில் ஆங்கிலேயரின் ஆதிக்கம் எத்தகைய அன்றாடப் பணிகளின்மேல் எழுந்தது என்பது புலனாகின்றது.

கப்பலின் தன்மை

இது 24 பீரங்கிகள் கொண்ட ஆறாந்தரக் கப்பல். பிரிகேட் வகையின் சிறிய உறுப்பு. 60க்கும் மேற்பட்ட பீரங்கிகளுடைய பெருங்கப்பல்களே அணிவகுத்து நின்று போரிட்டன. சிறுகப்பலோ வேவு பார்த்தது; செய்தி கொண்டு சென்றது; வணிகக் கப்பல்களுக்குக் காவல் நின்றது. வலிமையைவிட விரைவே அதன் சிறப்பாகும்.

அறிவியலும் போரும்

வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் அரிய நிகழ்வு 1761 ஜூன் 6 ஆம் நாள் நிகழவிருந்தது. சூரியனின் தொலைவை அளக்க அது வாய்ப்பளித்தது. அதனைச் சுமத்திராவின் பெங்கூலனிலிருந்து நோக்குவதற்காக மேசன், டிக்சன் ஆகிய இருவரும் அவ்வாண்டு ஜனவரியில் இக்கப்பலில் புறப்பட்டனர். சில நாள்களிலேயே பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று தாக்கியது. 11 பேர் மாண்டனர், 37 பேர் காயமுற்றனர். அஞ்சிய அறிஞர் இருவரும் பயணத்தைத் தொடரத் தயங்கினர். ராயல் சொசைட்டி கடுமையாக எச்சரித்த பின்னரே மீண்டும் கப்பலேறினர். பெங்கூலன் முன்னரே பிரெஞ்சுக்காரர் கைப்பட்டிருந்தமையால், அவர்கள் நன்னம்பிக்கை முனையிலேயே தங்கித் தம் பணியை நிறைவேற்றினர்.

மலாக்கா வழியும் மணிலாவும்

1762 ஆகஸ்டு முதல் நாள் சென்னையிலிருந்து மணிலாவைத் தாக்கப் புறப்பட்ட படை, 19 ஆம் நாள் மலாக்காவை அடைந்தது. அதற்கு முன்பே நீரிணையைக் கடந்து சீனக்கடலின் வாயிலுக்கு அனுப்பப்பட்டிருந்தது சீஹார்ஸ். மணிலாவுக்குச் செல்லும் கப்பல்களைத் தடுத்து, படையெடுப்புச் செய்தி முன்கூட்டியே அங்கு எட்டாமல் காப்பதே அதன் கடமை. அக்டோபரில் மணிலா வீழ்ந்தது.

நெல்சனும் பணப்பெட்டிகளும்

1773 இல், 15 வயது நெல்சன் இக்கப்பலில் சேர்ந்தார்; மறு ஆண்டு மே மாதம் சென்னை வந்தடைந்தார். அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டன. ஆளும் பொருளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. 1775 இல் கும்பினியின் பணத்தைப் பம்பாய்க்கு ஏற்றிச்செல்லும் பணி சீஹார்சுக்குக் கிட்டியது. பிப்ரவரி 19 இல் ஹைதர் அலியின் இரு சிறு கப்பல்கள் எதிர்ப்பட்டன. சிறிது நேரப் பீரங்கிச் சண்டைக்குப்பின் அவை விலகின. நெல்சன் கண்ட முதற்போர் இதுவே. மறு ஆண்டு நோயுற்ற அவர், வேறொரு கப்பலில் தாயகம் அனுப்பப்பட்டார்.

சோழமண்டலக் கரையில்

1778 ஆகஸ்டில் புதுச்சேரிக்கு அப்பால் பிரெஞ்சுக் கப்பல்களோடு நடந்த போரில் வெர்னனின் சிறுபடையில் இக்கப்பலும் இருந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் அகன்றதும் புதுச்சேரிக்குக் கடல்வழி உதவி அற்றது; அக்டோபரில் நகரம் பணிந்தது. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்திற்கு அப்பால் ஹியூசும் சுப்ரனும் மோதியபோதும் ஆங்கிலேயர் படையில் இது இடம்பெற்றது. 1784 இல் விற்கப்பட்டதோடு இதன் கடற்படைப் பணி நிறைவுற்றது.

முடிவுரை

சோழமண்டலக் கரையின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றைக் கோட்டைகளையும் தரைப்போர்களையும் கொண்டே கற்பித்து வருகிறோம். புதுச்சேரியின் வீழ்ச்சியோ, கோட்டையின் தலைவிதி கடலிலும் முடிவாகக்கூடும் என்பதைக் காட்டுகிறது. பணம் சுமந்தும் செய்தியைத் தடுத்தும் ஒரு சிறுகப்பல் ஆற்றிய பணிகள் புகழ்பெற்ற பெயர்களின் நிழலில் மறைந்துள்ளன. மாணவர்க்கு நெல்சனைக் கூறும் ஆசிரியர், அப்பணப்பெட்டிகளையும் கூறுதல் வேண்டும் என்பதே நம் கருத்தாகும்.