நார்த்தாமலை: 9 குன்றுகளுக்கு நடுவே மறைந்துபோன வணிக நகரம்... என்ன பார்க்கலாம், என்ன ஆபத்து? முழு விவரம்

திருச்சியில் இருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கீரனூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக மொட்டைப் பாறைக் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். "நார்த்தாமலை மாரியம்மன் கோயில் இங்கதான்" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்லியிருப்பார். பங்குனித் தேரோட்டம் என்றால் மாவட்டமே அங்கே திரளும். ஆனால் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பாலோர் அதன் பின்னால் இருக்கும் மலையில் ஏறுவதில்லை.

ஏறாமல் திரும்பினால் நஷ்டம்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரு நகரம். வியாபாரிகள் தாங்களே நிர்வாகம் செய்த நகரம். அந்த நகரத்தில் இன்று மிச்சம் இருப்பதெல்லாம் பாறையில் இருக்கிறது. பாறை போனால் அதுவும் போய்விடும்.

நாரதர் மலையா, நகரத்தார் மலையா?

ஊரில் கேட்டால் இரண்டு கதை சொல்வார்கள். நாரதர் வந்து தங்கியதால் நாரதர் மலை, அதுவே நார்த்தாமலை ஆனது என்பது ஒன்று. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது சிதறி விழுந்த துண்டுகள்தான் இந்தக் குன்றுகள், அதனால்தான் இங்கே மூலிகை அதிகம் என்பது இன்னொன்று.

கல்வெட்டுகள் சொல்வது வேறு. அவற்றில் ஊரின் பெயர் நகரத்தார் மலை. இங்கே 'நகரம்' என்றால் இப்போது நாம் சொல்லும் சிட்டி மட்டும் இல்லை. சோழர் காலத்தில் விவசாயிகளின் ஊருக்கு 'ஊர்', பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊருக்கு 'சபை' இருந்தது போல, வியாபாரிகள் ஊரை நிர்வாகம் செய்த அமைப்புக்குப் பெயர் 'நகரம்'. அதில் இருந்தவர்கள் நகரத்தார். நிலம் விற்றது, கோயிலுக்கு எழுதிக் கொடுத்தது, வரிக்குப் பொறுப்பேற்றது எல்லாம் அவர்கள்தான்.

ஊருக்கு இன்னொரு பெயரும் இருந்தது: தெலுங்குகுலகாலபுரம். ராஜராஜ சோழனின் பட்டப்பெயர்களில் ஒன்றை வைத்து வந்த பெயர். அரசனின் பட்டப்பெயரைத் தாங்கும் அளவுக்கு முக்கியமான இடம் என்று புரிந்துகொள்ளலாம்.

மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை உட்பட மொத்தம் 9 குன்றுகளை எண்ணிச் சொல்வது வழக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. நேரம் குறைவு என்றால் மேலமலை ஒன்று போதும்.

விஜயாலய சோழீஸ்வரம்: கட்டியது யார்?

மேலமலைக்கு சமணர் மலை என்றும் பெயர். சரிவான பாறையில் நடந்து மேலே போனால் திடீரென்று ஒரு சமதளம். அங்கே மேற்கு நோக்கி நிற்கிறது விஜயாலய சோழீஸ்வரம். அடியில் இருந்து உச்சி வரை முழுக்கக் கல். சதுரமான வெளிச்சுவருக்குள் வட்டமான கருவறை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் சுற்றி வரும் அளவுக்கு குறுகலான பாதை. விமானத்தின் சிகரமும் வட்டம். தமிழ்நாட்டில் இந்த அமைப்பு ரொம்ப அபூர்வம். முக்கியக் கோயிலைச் சுற்றி 8 குட்டிக் கோயில்கள் இருந்தன. அவற்றில் 6 இன்றும் நிற்கின்றன.

பெயரைப் பார்த்தால், பிற்காலச் சோழ வம்சத்தைத் தொடங்கி வைத்த விஜயாலயன் கட்டிய கோயில் என்றுதான் தோன்றும். பல பயணக் குறிப்புகளிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கோயிலிலேயே இருக்கும் கல்வெட்டு வேறொரு பெயரைச் சொல்கிறது. கட்டியவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையர். பிறகு மழையில் கோயில் இடிந்துபோக, மல்லன் விதுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்திருக்கிறார்.

இந்தப் பெயர்கள் முத்தரையர்களோடு தொடர்புடையவை. பல்லவர்களுக்குக் கீழே தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தை 8, 9-ம் நூற்றாண்டுகளில் ஆண்டவர்கள் முத்தரையர்கள். அவர்களிடம் இருந்துதான் சுமார் கி.பி. 850-ல் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தான். அதனால் இதை முத்தரையர் கோயில் என்பதா, ஆரம்பகாலச் சோழர் கோயில் என்பதா என்று ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. கல்வெட்டை வைத்துப் பார்த்தால் முத்தரையர் பக்கம்தான் கனமாக இருக்கிறது. ஜெயித்தவர் பெயர் ஒட்டிக்கொண்டது, கட்டியவர் பெயர் கல்லில் மட்டும் நின்றுவிட்டது.

எதிரே இருக்கும் இரண்டு குகைகளை விட்டுவிடாதீர்கள்

கோயிலுக்கு நேர் எதிரே பாறையைக் குடைந்து இரண்டு குகைக் கோயில்கள். சிறியது பழியிலீஸ்வரம், சிவன் கோயில். பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 7-ம் ஆட்சியாண்டில், அதாவது 9-ம் நூற்றாண்டில், முத்தரையர் குடும்பத்தைச் சேர்ந்த சாத்தன் பழியிலி இதைக் குடைவித்திருக்கிறார். முன்மண்டபம் எடுத்தவர் அவருடைய மகள் பழியிலி சிறியநங்கை. அப்பா குகையைக் குடைகிறார், மகள் மண்டபம் கட்டுகிறார், இருவர் பெயரும் கல்வெட்டில் வருகிறது. 1,100 ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயர், அவர் செய்த காரியத்தோடு சேர்த்து நமக்குக் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

பெரிய குகைக்கு சமணர் குடகு என்று பெயர். உள்ளே போனால் ஒரு நிமிஷம் திகைத்துவிடுவீர்கள். ஆள் உயரத்துக்கும் மேலாக, கிட்டத்தட்ட அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி 12 விஷ்ணு உருவங்கள் சுவரில் வரிசையாக நிற்கின்றன. பெயர் சமணர் குடகு, உள்ளே இருப்பது பெருமாள், இது எப்படி? முதலில் சமணர்களுடையதாக இருந்த குகை பிறகு வைணவக் கோயிலாக மாறியது என்பது அறிஞர்களின் கருத்து. குகைக்கு முன்னால் உள்ள மேடையின் விளிம்பில் யானைகளும் யாளிகளும் ஓடுவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பாருங்கள், பலர் மிதித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

13-ம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு இந்தப் பெருமாள் கோயிலுக்குச் சொல்லும் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். விண்ணகரம் என்றால் விஷ்ணு கோயில். 'பதினெண்பூமி', அதாவது 18 நாடுகள், என்பது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழுவோடு வரும் சொல்.

சுமத்ரா வரை போன கம்பெனி

யார் இந்த ஐந்நூற்றுவர்? இன்றைய பாஷையில் சொன்னால் பல நாடுகளில் கிளை வைத்திருந்த வியாபாரக் கூட்டமைப்பு. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பாருஸ் பக்கத்தில் இவர்கள் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் காலம் கி.பி. 1088. மியான்மரின் பழைய தலைநகரான பகானில் நானாதேசி விண்ணகர் என்று ஒரு பெருமாள் கோயில் இருந்ததை அங்குள்ள 13-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நானாதேசி என்றால் பல தேசத்து வியாபாரிகள்.

பகானில் நானாதேசி விண்ணகர், புதுக்கோட்டைப் பக்கம் பதினெண்பூமி விண்ணகரம். கடல் தாண்டியும் வியாபாரிகள் ஒரே முறையில்தான் கோயிலுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நார்த்தாமலையைச் சும்மா ஒரு கிராமத்துக் குன்று என்று நினைக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

தண்ணீருக்கு அடியில் ஒரு லிங்கம்

மேலமலையில் சுனைகள் உண்டு. அவற்றில் தலையருவிச் சிங்கம் என்ற சுனைக்குள் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் வைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் போனால் தண்ணீர் மட்டும்தான் தெரியும். ஜுரம் தீர்க்கும் ஈஸ்வரன் என்பது நம்பிக்கை. 1857-ல் தண்ணீரை இறைத்துவிட்டு, மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் ராணி இங்கே வழிபட்டதாகப் பக்கத்துப் பாறையில் எழுத்து இருக்கிறது. கல்வெட்டு என்றால் ராஜராஜன் காலத்தோடு நின்றுவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

கீழே கடம்பர்மலை அடிவாரத்தில் சோழர் காலச் சிவன் கோயில். அதையொட்டிய பாறையிலேயே வரி வரியாகக் கல்வெட்டுகள். ஆளுருட்டிமலையில் சமணர் படுகையும் தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன. குற்றவாளிகளை உருட்டிவிட்ட மலை என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். கதைதான்.

பல்கேரியாவில் காணாமல் போன மலை

இனி முக்கியமான விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஒரு வெளிநாட்டு ஊரைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் பல்கேரியா நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் பிளோவ்டிவ். 7 குன்றுகளின் நகரம் என்று அதற்குப் பெயர். மாவீரன் அலெக்சாண்டரின் அப்பா இரண்டாம் பிலிப் பிடித்து, தன் பெயரில் பிலிப்போபோலிஸ் என்று அழைத்த ஊர். ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கம் 1970-களில் நிலச்சரிவுக்குப் பிறகு மண்ணுக்குள் இருந்து வெளியே வந்தது. இன்று அதே அரங்கத்தில் இசை நிகழ்ச்சி நடக்கிறது. 19-ம் நூற்றாண்டு வியாபாரிகள் குன்றின் மேல் கட்டிய வண்ண வண்ண வீடுகளைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். 2019-ல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரம் என்ற பட்டமும் கிடைத்தது.

எல்லாம் சரி. ஆனால் இப்போது போய் எண்ணிப் பார்த்தால் 6 குன்றுகள்தான் இருக்கும். மார்கோவோ தெபே என்ற ஏழாவது குன்றை, தெருவில் பாவும் கல்லுக்காக 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியே தீர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று ஒரு ஷாப்பிங் மால் நிற்கிறது. மாலுக்குப் பெயர், மார்கோவோ தெபே!

நார்த்தாமலைக்கு அதில் என்ன?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் எங்கிருந்து போனது என்ற கேள்வி வரும்போதெல்லாம் நார்த்தாமலையின் பெயர் அடிபடும். தஞ்சாவூர் வயல்காடு, அங்கே பாறை கிடையாது. புதுக்கோட்டை வட்டாரத்தில் இருந்து போயிருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. அப்போது உளியும் ஆப்பும் வைத்துக் கல்லைப் பிளந்தார்கள். இப்போது இந்த வட்டாரத்தில் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. வெடி வைத்துப் பிளந்தால் ஜல்லியும் எம்-சாண்டும் லாரி லாரியாகக் கிடைக்கும். வீடு கட்ட, ரோடு போட ஜல்லி வேண்டும், குவாரியை நம்பி வேலைக்குப் போகும் குடும்பங்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் விஜயாலய சோழீஸ்வரமும் ஒன்று. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, இப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த மீட்டர் கணக்கு ஒரு கோயிலைச் சுற்றிப் போடும் வட்டம். நார்த்தாமலையோ ஒரு கோயில் இல்லை. 9 குன்றுகளில் சிதறிக் கிடக்கும் ஒரு நகரம். ஒரு குன்றில் கோயில், இன்னொன்றில் சமணர் படுகை, வேறொன்றில் தனிப் பாறையில் நாலு வரி எழுத்து. வட்டத்துக்கு வெளியே இருக்கும் பாறையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெடி வைத்தால், இழந்தது என்ன என்பதுகூடத் தெரியாது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-லேயே தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாக அச்சிட்டது. காகிதத்தில் படி இருக்கிறது என்பது ஆறுதல்தான். ஆனால் அந்தக் குன்றின் மேல் நின்று, எந்தப் பாறையைப் பார்த்து எந்தக் குகையைக் குடைந்தார்கள் என்பதைப் புத்தகம் காட்டாது.

போவது எப்படி?

புதுக்கோட்டையில் இருந்து சுமார் 17 கிலோமீட்டர். திருச்சி - புதுக்கோட்டை மெயின் ரோட்டில் இருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும். பைக், கார் இருந்தால் சுலபம். அடிவாரத்தில் இருந்து மேலமலைக் கோயிலுக்கு நடைதான். ஏற்றம் கடினம் இல்லை, சாதாரணமாக நடப்பவர்கள் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஆனால் வெயில் நேரத்தில் போகாதீர்கள். மொட்டைப் பாறை, நிழல் கிடையாது, மேலே கடை கிடையாது. 10 மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். மழைக்காலத்தில் பாறை வழுக்கும், சுனைப் பக்கம் குழந்தைகளைத் தனியாக விட வேண்டாம். சுவரில் பெயர் கிறுக்குவது குற்றம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன அபராதம் அதற்கும் பொருந்தும்.

காலையில் நார்த்தாமலை முடித்தால், அதே நாளில் சித்தன்னவாசல் ஓவியங்களையும், இசைக் கல்வெட்டு இருக்கும் குடுமியான்மலையையும் பார்த்துவிடலாம். நேரம் மிச்சம் இருந்தால் திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு எட்டு போய் வரலாம். மாலை வெளிச்சம்தான் வேண்டும் என்பவர்கள் வரிசையை மாற்றி, நார்த்தாமலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கோயில் மேற்கு பார்த்தது என்பதால் 4 மணிக்கு மேல் வெயில் நேராக முகப்பில் விழும். போட்டோவுக்கு அதுதான் நேரம். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.