எண்ணூர் ஆஸ்டின், திருவொற்றியூர் புல்லட்: 50 வயசு வண்டிக்கு 'வின்டேஜ்' பதிவு வாங்கலாமா?

எண்ணூர் என்றதும் லாரியும் பஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே முதலில் உருவானது கார்! 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஏ40 கார்களை எண்ணூரில் அசெம்பிள் செய்தது. அசோக் என்பது அவருடைய மகன் பெயர். 1955-ல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரி வந்துவிட்டது.

பக்கத்து திருவொற்றியூர் கதை வேறு. 1952-ல் இந்திய ராணுவம் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1970 வாக்கில் இங்கிலாந்து கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் நிற்கவே இல்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் தொடங்கியது.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று இருக்கும் அந்தப் பழைய புல்லட்டில் இன்றைய பைக்கர் ஏறினால், முதல் சிக்னலிலேயே தடுமாறிப் போவார். அதனாலேயே அதை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு.

இவர்களுக்கு வரும் முதல் பயம், '15 வருஷம் ஆனா ஸ்கிராப்பா?' என்பதுதான். தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்கு அப்படி இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனையில் தேறினால் ஆர்.சி.யை 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். டெல்லி விதிகளைப் பார்த்து இங்கே பதற வேண்டாம்.

வின்டேஜ் பதிவு என்றால் என்ன?

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி இது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த டூவீலர், கார்களுக்குப் பொருந்தும். தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்தால் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ' என்று நம்பர் வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய மெட்ராஸ் நம்பரையே வைத்துக்கொள்ளலாம். பழைய வண்டிப் பிரியர்களுக்கு இதைவிட சந்தோஷம் வேறென்ன?

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வின்டேஜாகப் பதிவான வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, சர்வீஸுக்குக் கொண்டு போவது என இவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. அப்பா ஓட்டிய புல்லட்டில் தினமும் ராயபுரத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு இது சரிப்படாது. அவர் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் ஏ40 என்றால் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

ஹாட் ராட் ஆக்கலாமா?

1930, 40-களில் அமெரிக்க இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டு, பானெட்டைக் கழற்றிவிட்டு, பெரிய இன்ஜின் பூட்டி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகளில் பறக்கவிட்டார்கள். அதுதான் ஹாட் ராட். யூடியூபில் பார்த்துவிட்டு இங்கேயும் செய்யலாமா என்றால், ரோட்டில் ஓட்ட முடியாது. நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

வின்டேஜ் பதிவுக்கும் இதே கண்டிப்புதான். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடைக்காது. அந்தக் காலத்தில் பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்க இன்ஜினையே மாற்றிய வண்டிகள் இங்கேதான் அடிபடும்.

விண்ணப்பம் பரிவாஹன் தளத்தில், படிவம் 20. கூடவே இன்ஷூரன்ஸ், பழைய ஆர்.சி. வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் இறக்குமதி ஆவணமும் கேட்பார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை: சேசிஸிலும் இன்ஜினிலும் உள்ள நம்பரைத் துடைத்துப் பார்த்து, ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். கடல் காற்றில் துருவேறி நம்பர் மங்கியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.