விமான எஞ்சினுக்குள் ஒரு குட்டி மிதவை

மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பினதும் குழாய் தானாக நின்றுவிடுகிறதே, அது யார் வேலை? உள்ளே மிதக்கிற பந்துதான். தண்ணீர் ஏற ஏற பந்தும் ஏறி வால்வை மூடிவிடும். இதே வேலையைச் செய்கிற ஒரு மிதவை சின்ன விமானங்களின் கார்புரேட்டருக்குள்ளும் இருக்கிறது. தொட்டியில் பந்து ஓட்டையானால் தண்ணீர் வழியும், அம்மா திட்டுவார்கள், அவ்வளவுதான். விமானத்தில் கதை வேறு.

செஸ்னா 172 என்ற நாலு பேர் உட்காரும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1955-ல் முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். 1986 வரை வந்தவற்றில் பெரும்பாலும் கார்புரேட்டர் எஞ்சின்தான். பெட்ரோல் டேங்க் மேலே, இறக்கைக்குள். கார்புரேட்டர் எஞ்சினுக்கு அடியில். பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி வரும். அதைச் சரியான மட்டத்தில் நிறுத்துவது மிதவையும், அது தள்ளுகிற ஊசி வால்வும்தான்.

மிதவைக்குள் பெட்ரோல் புகுந்தால் அது கனத்துப்போய்த் தாழ மிதக்கும். ஊசி சரியாக மூடாது. பெட்ரோல் மட்டம் ஏறி நாசில் வழியே வழியும். முழு வேகத்தில் எஞ்சின் நிறையக் காற்றை இழுப்பதால் இது பெரிதாகத் தெரியாது. தரையிறங்க விமானி த்ராட்டிலைக் குறைக்கும்போதுதான் வினை. காற்று குறைந்துவிடும், வழிகிற பெட்ரோல் குறையாது. கலவையில் பெட்ரோல் மிஞ்சிப்போய் எஞ்சின் தடுமாறும், சில சமயம் நின்றே போகும். அதுவும் எப்போ? உயரமும் வேகமும் குறைந்து, தரை பக்கத்தில் வந்துவிட்ட நேரத்தில்!

முன்கூட்டியே சில அறிகுறிகள் தெரியும். கறுப்புப் புகை, ஸ்பார்க் பிளக்கில் கரி, மெதுவாக ஓடும்போது உதறல். நிறுத்தி வைத்த விமானத்தின் அடியில் பெட்ரோல் சொட்டும். சின்ன விமானங்களுக்கு அதிகம் போடுகிற 100எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பதால், காய்ந்த பிறகும் நீலக்கறை காட்டிக்கொடுக்கும். இந்தச் சொட்டை அலட்சியம் பண்ணக்கூடாது. ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் பின்னால் வெடித்தால் தீப்பிடிக்கும்.

பழைய மிதவைகள் பித்தளையில் செய்தவை. பித்தளை மூழ்காதா என்று கேட்காதீர்கள், உள்ளே வெறும் கூடு! பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டால் பெட்ரோல் நுழையும். காதருகே ஆட்டினால் சலசலக்கும். வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும். அடுத்து நுரைபோன்ற பொருளில் செய்த மிதவைகள் வந்தன. இவற்றில் ஓட்டை விழாது, ஆனால் வருஷக்கணக்கில் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். குமிழியும் இல்லை, சத்தமும் இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் மோசமான திருடன். பிறகு வெள்ளை பிளாஸ்டிக் கூடு வந்தது. வெளுத்ததெல்லாம் பாலா? அதற்குள்ளும் பெட்ரோல் கசிந்தது. அதன் பிறகு வந்ததுதான் நீல நிற எபாக்ஸி மிதவை. இது கூடு இல்லை, முழுக்கட்டி.

மாற்றும் வேலையை லைசென்ஸ் உள்ள மெக்கானிக்தான் செய்யணும். பெட்ரோலை அடைத்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி இரண்டாகப் பிரிப்பார்கள். மிதவை மேல் பாதியில் தொங்கும். புது மிதவையை மாட்டி அதைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ்கட்டுக்கும் மிதவைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளப்பார்கள். மார்வல்-ஷெப்ளர் எம்ஏ-3 வகையில் இது 7/32 அங்குலம், அதாவது சுமார் 5.5 மில்லிமீட்டர். அந்த அளவுள்ள டிரில் பிட்டைச் செருகிப் பார்ப்பது வழக்கம். மிதவையின் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும், கிண்ணத்தின் சுவரில் உரசக்கூடாது. ஊசி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றணும், இல்லையென்றால் புது மிதவை போட்டும் பழைய ஒழுகல்தான்.

பூட்டிய பிறகு பெட்ரோலைத் திறந்துவிட்டு, சொட்டுகிறதா என்று பொறுமையாகப் பார்ப்பார்கள். அப்புறம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கலவைக் குமிழை நிதானமாக வெளியே இழுப்பார்கள். நிற்பதற்கு முன் சுற்று லேசாக ஏறி இறங்கினால் கலவை சரி. எகிறிப் போனால் பெட்ரோல் இன்னும் அதிகம், மறுபடி சரிசெய்யணும். எல்லாம் சரியானால் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் பறக்கும்.